அமைச்சருக்கு இடப்பக்கம்

அமைச்சருக்கு இடப்பக்கம்
இரண்டு மீட்டர் தள்ளி
கறுப்புச் சட்டையில் நிற்பவள் நான்.
கை தெரிய வேண்டும் என்பதால் கறுப்பு.
உதடு தெரிய வேண்டும் என்பதால்
அந்த மண்டபத்தில்
அவருக்கும் எனக்கும் மட்டும்
முகக்கவசம் இல்லை.

முதல் மாதம் எளிதாகப் போனது.
'வீட்டில் இருங்கள்' என்றால்
இரண்டு உள்ளங்கைகள் கூரையாகச் சாயும்.
'நாம்' என்றால்
சுட்டுவிரல் என் நெஞ்சில் கிளம்பி
கேமராவை ஒரு சுற்றுச் சுற்றி
திரும்பவும் என் நெஞ்சுக்கே வரும்.
தன்னைத் தொடாமல்
எங்கள் மொழியில் 'நாம்' சொல்ல முடியாது.
அவர் ஒருநாளும் தொட்டதில்லை.
அவருக்கு அது வெறும் சொல்.

நம்பினார்கள்.
ரீகா சந்தையில் மீன் செதிள் சீவும் ஜின்டார்ஸ்,
தையற்கூடத்து ஸைகா,
காது கேளாதோர் குடியிருப்பின் மூன்றாம் மாடி மொத்தமும்.
அரசாங்கம் என்ன சொன்னது என்று
அங்கே யாரும் கேட்பதில்லை.
வெல்தா என்ன சொன்னாள் என்பார்கள்.
வெல்தா என் பெயர்.

இரண்டு வாரம் என்றேன்.
இன்னும் இரண்டு வாரம் என்றேன்.
பதினோராவது 'இரண்டு வாரத்தில்'
அவர் வாய் திறக்கும் முன்பே
என் விரல்கள் சொல்லி முடித்திருந்தன.

டிசம்பரில் பட்டியல் வந்தது.
சோப்பு விற்கலாம். பூ விற்கலாம். சிகரெட் விற்கலாம்.
காலுறை விற்கக் கூடாது.
வெளியே மைனஸ் பதினான்கு.

அவருக்குத் தாள் இருந்தது, புரட்டிக்கொண்டார்.
எனக்கு?
நாடே பார்க்க
இல்லாத காலில் இல்லாத காலுறையை ஏற்றி
முழங்கால் வரை இழுத்துவிட்டு
'அத்தியாவசியம் அல்ல' என்று
கையை உதறினேன்.
ஒளிப்பதிவாளரின் தோள் குலுங்கியது.

மறுநாள் சூப்பர்மார்க்கெட்டில்
சிவப்பு வெள்ளை டேப் சுற்றிய அலமாரி.
உள்ளே காலுறைகள், ஜோடி ஜோடியாக,
ஏதோ குற்றம் நடந்த இடம் போல.
முன்னால் ஜின்டார்ஸ்.

எங்கள் மொழியில்
கேள்வி புருவத்தில் இருக்கும், கோபம் உதட்டில்.
முறையாகத் திட்டுவதற்காக
முகக்கவசத்தைக் கழற்றினான்.

'செத்தவர்கள் எண்ணிக்கை சொன்னாய். நம்பினேன்.
அண்ணன் அடக்கத்தில் யாரையும் தழுவாதே என்றாய்.
தழுவவில்லை, வெல்தா.
அண்ணி எனக்கு எதிரே
பனியில் தனியாக நின்றாள்.
காலுறை?
நீ நம்பித்தான் சொன்னாயா?'

சப்பாத்தைக் கழற்றிக் காட்டினான்.
பெருவிரல் வெளியே.

காவலாளி வந்தார்: முகக்கவசம்!
கேளாதவனிடம்
இன்னும் உரக்கக் கத்தினார்: முகக்கவசம்!
இருவருக்கும் நடுவே நின்று
ஆளுக்கொரு மொழியில் எடுத்துச் சொல்வதுதான் என் பிழைப்பு.
கையும் களவுமாகப் பிடிபட்டவளாய்
கோட்டுப் பைக்குள்
இரண்டு கைகளையும் வைத்திருந்தேன்.
எடுக்கவில்லை.

ஜனவரியில் பட்டியலைத் திருத்தினார்கள்.
காலுறை, கையுறை, தொப்பி விற்கலாம்.
'ஒரு சிறு தெளிவுபடுத்தல்' என்றார் அமைச்சர்.
தவறு என்பதற்கு
எங்களிடம் அழகான ஒரு சைகை உண்டு,
அரை நொடி கூட ஆகாது.
நான் 'தெளிவுபடுத்தல்' என்றேன்.
ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது:
கூட்டாமல், குறைக்காமல்.

இரவு பத்து மணிக்கு ஊர் அடங்கியதும்
ஜின்டார்ஸிடமிருந்து ஒரு செய்தி.
'கையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.
இனி உன் புருவத்தை மட்டும் பார்ப்பேன்.'

திங்கட்கிழமை தடுப்பூசி அறிவிப்பு.
மருத்துவத் தாள்களை ஞாயிறு முழுக்கப் படித்தேன்,
புரியாததை என் தங்கையிடம் கேட்டேன், அவள் செவிலி.
இதை நம்புகிறேன்.
என் கைக்கு அவள் ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால்கூட
இப்படித்தான் நம்புவேன்.

குளியலறைக் கண்ணாடி முன்
நள்ளிரவு தாண்டி நிற்கிறேன்.
'பாதுகாப்பானது' என்று கை காட்டுகிறது.
புருவம் ஏறுகிறது.
இறக்குகிறேன்.
'பாதுகாப்பானது.'
மறுபடி ஏறுகிறது.
நம்பிச் சொன்ன நாட்களில்
அது எந்த இடத்தில் நின்றது என்று
நினைவில்லை.